குடிமையியல் வகுப்பில் நடுவர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் வரலாறு, புவியியல் எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் அவசர அவசரமாக நடத்தப்படும் பகுதி குடிமையியல். குடியரசுத் தலைவராக 35 வயது, மாநிலங்களவைக்கு 30, மக்களவைக்கு 25 என்று ஒரு மதிப்பெண் வினாக்களாக மனப்பாடம் ஆகி, தேர்வு முடிந்த கையோடு மறந்தும் போகிறது. இதைப் பலரும் எழுதிவிட்டார்கள். நாங்கள் சொல்ல வந்தது, மனப்பாடத்துக்கு மாற்று என்று நம் பள்ளிகள் நம்பிச் செய்யும் ஒன்றைப் பற்றி. பிள்ளைகளைப் பேச வைக்க வேண்டும் என்றதும் நமக்குக் கைவரும் ஒரே வடிவம் பட்டிமன்றம். அணிக்கு மூன்று பேர், ஆசிரியர் எழுதிக் கொடுத்த உரை, நடுவில் ஒரு நடுவர், முடிவில் தீர்ப்பு. ஆறு பேர் பேசுவார்கள், மீதி வகுப்பு கைதட்டும். மேடைப்பேச்சுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆனால் மாற்றுக் கருத்து உள்ளவரோடு உட்கார்ந்து பேசி ஒரு பொதுக் காரியத்தை முடிவு செய்ய அது பழக்குவதில்லை. குடிமையியலின் வேலையே அதுதான்.

இந்த வேறுபாட்டை ஆராய்ச்சியின் மையமாக வைத்துக்கொண்டவர் அமெரிக்கக் கல்வியியல் பேராசிரியர் டயானா ஹெஸ். உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராகத் தொடங்கியவர். சிகாகோவில் அரசியலமைப்பு உரிமைகள் அறக்கட்டளையில் பணியாற்றி, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1999இல் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2015இல் அங்கே கல்வியியல் புலத்தின் தலைவரானார். சர்ச்சைக்குரிய பொதுப் பிரச்சினைகளை வகுப்பறையில் எப்படிப் பேச வைப்பது என்பதை 1997 முதல் ஆராய்ந்து வந்தார். சக ஆய்வாளர் பவுலா மெக்கவாயுடன் சேர்ந்து இல்லினாய், இண்டியானா, விஸ்கான்சின் மாநிலங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பின்தொடர்ந்து, அவர்களில் பலர் பள்ளியை விட்டுப் போன பிறகும் மீண்டும் பேசி, அவர் வெளியிட்ட நூலுக்கு 2017இல் கல்விக்கான கிராமேயர் விருது கிடைத்தது.

ஹெஸ்ஸின் பணி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அதே மேடிசன் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் நிஸ்ட்ராண்ட் 1997இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னால் போதும். ஆங்கில இலக்கிய வகுப்புகளில் மாணவர்கள் உண்மையிலேயே தங்களுக்குள் கருத்துப் பரிமாறிய நேரம் எட்டாம் வகுப்பில் சராசரியாக ஒரு பாடவேளைக்கு 50 விநாடி, ஒன்பதாம் வகுப்பில் 15 விநாடிக்கும் குறைவு. கேள்வி கேட்பதும், பதில் வாங்குவதும், 'சரி, உட்கார்' என்பதும் கலந்துரையாடல் கணக்கில் வராது என்று வைத்து அளந்ததால் வந்த எண்கள் இவை. நம் வகுப்புகளை அதே அளவுகோலால் அளந்தால் என்ன கிடைக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். 1999இல் 28 நாடுகளில் 14 வயது மாணவர்கள் ஏறத்தாழ 90,000 பேரிடம் நடந்த பன்னாட்டுக் குடிமைக் கல்வி ஆய்வு, கருத்தை அச்சமின்றிச் சொல்லக்கூடிய வகுப்பில் படித்தவர்களுக்குக் குடிமை அறிவும் வாக்களிக்கும் எண்ணமும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அந்த ஆய்வில் இந்தியா பங்கேற்கவில்லை.

சரி, எப்படிச் செய்வது? மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் உருவாக்கி, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வால்டர் பார்க்கர் குடிமையியலுக்குப் பொருத்திய ஒரு முறை இருக்கிறது. பார்க்கரும் ஹெஸ்ஸும் இணைந்து எழுதியவர்கள். பேசுவதைக் கொண்டு பாடம் நடத்துவது ஒன்று, பேசக் கற்றுக்கொடுப்பது இன்னொன்று, இரண்டையும் ஆசிரியர் திட்டமிட வேண்டும் என்று 2001இல் அவர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரை சொல்கிறது. இந்த முறை நம் 40 பேர் வகுப்புக்கும் 45 நிமிடப் பாடவேளைக்கும் ஒத்துவரும்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: வாக்களிக்காதவர்களுக்கு அபராதம் விதிக்கும் சட்டம் இந்தியாவில் வேண்டுமா? முதல் நாள் ஆசிரியர் பத்து நிமிடம் பின்னணி சொல்வார். ஆஸ்திரேலியாவில் 1924 முதல் வாக்களிப்பது கட்டாயம். அங்கே காரணமில்லாமல் தவறினால் நாட்டுத் தேர்தலுக்கு 20 டாலர் அபராதம். குஜராத் 2009இல் உள்ளாட்சித் தேர்தலுக்கு அப்படி ஒரு சட்டம் நிறைவேற்றியது, 2014இல் அதற்கு ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது, 2015இல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2019 மக்களவைத் தேர்தலில் வாக்குப்பதிவு 67.4 சதவீதம். இவ்வளவு போதும். பிறகு நான்கு பேர் குழுவாக உட்கார வேண்டும். பெஞ்சை நகர்த்தத் தேவையில்லை, ஒன்றுவிட்டு ஒரு வரிசை பின்பக்கம் திரும்பினால் ஆயிற்று. நால்வரில் இருவர் 'வேண்டும்' பக்கம், இருவர் 'வேண்டாம்' பக்கம். யாருக்கு எது என்பதை ஆசிரியர் முடிவு செய்கிறார், பிள்ளைகளின் சொந்தக் கருத்தைக் கேட்டுப் பிரிப்பதில்லை. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே ஒரு தாள், அதில் அந்தப் பக்கத்து வாதம் 300 சொல்லுக்குள். 40 பேருக்கு மொத்தம் 20 தாள். ஆளுக்கொன்று கொடுத்தால் தனித்தனியாகப் படித்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். ஒரு தாள் என்றால் இருவரும் தலைசாய்த்து ஒன்றாகத்தான் படித்தாக வேண்டும். மெதுவாக வாசிக்கும் பிள்ளைக்கு இது பெரிய உதவி. வலுவான மூன்று காரணங்களைக் கண்டுபிடித்துத் தங்கள் சொற்களில் நோட்டில் எழுதுவதோடு முதல் நாள் முடிகிறது.

இரண்டாம் நாள்: 'வேண்டும்' ஜோடி நான்கு நிமிடம் பேசும். எதிர் ஜோடி குறுக்கிடக் கூடாது, குறிப்பெடுக்க வேண்டும். அடுத்த இரண்டு நிமிடத்தில் எதிர் ஜோடி தான் கேட்டதைத் திருப்பிச் சொல்லும். 'நீங்கள் சொன்னது இதுதானே?' என்று கேட்டு, பேசியவர்கள் 'ஆமாம், சரியாகச் சொன்னீர்கள்' என்ற பிறகே நகர வேண்டும். பிறகு 'வேண்டாம்' ஜோடிக்கு அதே ஆறு நிமிடம். அடுத்ததாகத் தாள்களை மாற்றிக்கொண்டு, இதுவரை எதிர்த்த பக்கத்துக்காக ஒவ்வொரு ஜோடியும் மூன்று நிமிடம் வாதாடும், முன்னால் யாரும் சொல்லாத ஒரு காரணத்தையாவது சேர்த்தாக வேண்டும். இதற்குப் பிறகுதான் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒதுக்கப்பட்ட பக்கத்தை மறந்துவிட்டு, நால்வரும் சொந்தக் கருத்தோடு எட்டு நிமிடம் பேசுவார்கள். உடன்பாடு வந்தால் எழுதலாம். வராவிட்டால் எந்த இடத்தில் பிரிகிறார்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். மீதி நேரம் முழு வகுப்புக்கு.

இதில் தவறு நடக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி. முதலாவது கேள்வியிலேயே நடக்கிறது. 'தேர்தல் சீர்திருத்தம்' என்பது தலைப்பு, கேள்வி ஆகாது. அதை வைத்துக்கொண்டு நால்வர் நான்கு திசையில் பேசுவார்கள். 'இன்ன சட்டம் வேண்டுமா, வேண்டாமா' என்று ஒரு முடிவைக் கோருகிற வடிவில் இருக்க வேண்டும். இரண்டாவது, தாள்களில் ஒரு பக்கம் நோஞ்சானாக இருப்பது. ஆசிரியருக்குத் தனக்குப் பிடித்த பக்கம் தானாகவே நன்றாக எழுத வரும். அபராதத்தை எதிர்க்கும் தாளில் 'மக்களுக்கு இஷ்டமில்லை' என்ற அளவில் நிறுத்திவிட்டால் வாதம் அங்கேயே தோற்றுவிடும். பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்ட கூலித் தொழிலாளி வாக்களிக்க ஊருக்கு வந்து போவதற்கு ஆகும் செலவையும் இழக்கும் கூலியையும், 'எவருமில்லை' என்ற நோட்டா பொத்தானுக்கு 2013இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டதையும் சேர்த்தால் அந்தப் பக்கம் நிமிர்ந்து நிற்கும். தாள் தயாரித்ததும் எதிர்க்கருத்துள்ள சக ஆசிரியர் ஒருவரிடம் காட்டி, 'உங்கள் பக்கத்தைச் சரியாக எழுதியிருக்கிறேனா?' என்று கேட்பது நல்ல வழி.

மூன்றாவது தவறுதான் முறையையே கெடுப்பது. நேரம் போதவில்லை என்றால் முதலில் வெட்டுப்படுவது திருப்பிச் சொல்லும் அந்த இரண்டு நிமிடம். அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது நடுவர் இல்லாத பட்டிமன்றம். எதிராளி பேசும்போது பிள்ளை அதைக் கேட்பதில்லை, தன் பதிலை ஒத்திகை பார்க்கிறது. திருப்பிச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால்தான் காது திறக்கிறது. வேறு எதை வேண்டுமானாலும் குறைக்கலாம், இதைக் குறைக்கக் கூடாது. பக்கம் மாறும் கட்டத்தில் சிரிப்பும் கேலியும் கிளம்பும். 'புதிதாக ஒரு காரணம்' என்ற நிபந்தனை அதற்காகத்தான்.

முழு வகுப்பாகப் பேசும் கடைசிப் பகுதியில் ஆசிரியரின் வாய்தான் எதிரி. ஆசிரியர்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று விநாடியாக நீட்டினாலே பதில்கள் நீள்கின்றன, இதுவரை பேசாதவர்கள் பேசுகிறார்கள் என்பதையும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டிவிட்டார். மூன்று விநாடி மௌனம் வகுப்பில் நிற்பவருக்கு மூன்று நிமிடமாகத் தோன்றும். பொறுக்கத்தான் வேண்டும்.

ஹெஸ்ஸின் பங்களிப்பில் எங்களுக்கு மிக முக்கியமாகப் படுவது, எதைப் பேசவைப்பது என்பதற்கு அவர் வைத்த சோதனை. சில கேள்விகள் இன்னும் திறந்தவை, நியாயமாகச் சிந்திக்கும் மக்கள் பிரிந்து நிற்கிறார்கள். சில கேள்விகள் முடிந்துபோனவை. முடிந்ததைத் திறந்தது போல நடத்துவதும், திறந்ததை முடிந்தது போல நடத்துவதும் இரண்டுமே மாணவருக்குச் செய்யும் துரோகம். புவி சூடாவதற்கு மனிதச் செயல் காரணமா என்பது முடிந்த கேள்வி. அதற்காக எந்த வரியைப் போடுவது, எந்த ஆலையை மூடுவது என்பது திறந்த கேள்வி. நம் சூழலில் தீண்டாமை சரியா தவறா என்று இரண்டு அணி பிரிப்பவர் அரசியலமைப்பின் 17ஆவது உறுப்பைப் படிக்காதவர். அதேபோல 14 வயதுக்குட்பட்ட பிள்ளை பட்டாசு ஆலையில் வேலை செய்யலாமா என்பது விவாதப் பொருள் அல்ல. ஆனால் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்துக்கு வந்த 2016ஆம் ஆண்டுத் திருத்தம், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று விலக்கு அளித்திருக்கிறதே, அந்த விலக்கு இருக்கலாமா கூடாதா? இது திறந்த கேள்வி, சிவகாசியிலும் திருப்பூரிலும் வகுப்பில் பாதிப் பேருக்கு நேரடியாகத் தெரிந்த கேள்வி. சில கேள்விகள் ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குச் சாய்ந்துகொண்டிருக்கும், அவைதான் ஆசிரியருக்குத் தலைவலி என்பதையும் ஹெஸ் மறைக்கவில்லை.

திறந்த கேள்வியாகவே இருந்தாலும், அதைப் பேசுவதன் வலி வகுப்பில் எல்லார்மீதும் சமமாக விழுவதில்லை. இட ஒதுக்கீட்டைப் பற்றிய விவாதம் ஒரு பையனுக்குப் பொதுஅறிவு, பக்கத்தில் இருப்பவனுக்குத் தன் குடும்பத்தின் மானம். இதில் நமக்கு நேரடி அனுபவம் உண்டு. என்.சி.இ.ஆர்.டி. பதினோராம் வகுப்பு அரசியலமைப்புப் பாடநூலில் இருந்த ஓவியர் சங்கரின் 1949ஆம் ஆண்டுக் கேலிச்சித்திரம், அரசியலமைப்பு என்ற நத்தையின்மேல் அம்பேத்கர் அமர்ந்திருக்கப் பின்னால் நேரு சாட்டையோடு நிற்பது, 2012 மே மாதம் தொல். திருமாவளவனால் மக்களவையில் எழுப்பப்பட்டது. அடுத்த மாதமே பன்னிரண்டாம் வகுப்பு நூலில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய ஆர்.கே. லக்ஷ்மணின் சித்திரத்தை நீக்கக் கோரி கருணாநிதி குரல் கொடுத்தார். இதற்கிடையே இந்தப் பாடநூல்களை ஆராயச் சுகதேவ் தோரட் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன் உறுப்பினரான வரலாற்றாய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் மட்டும் நீக்கத்துக்கு உடன்படாமல் மாற்றுக் குறிப்பு எழுதினார். அன்றைய கூச்சல் முழுவதும் படம் இருக்கலாமா கூடாதா என்பதிலேயே நின்றது. அந்தப் பக்கத்தைத் திறக்கும் ஆசிரியர் முதல் ஐந்து நிமிடத்தில் என்ன சொல்ல வேண்டும், வகுப்பில் இருக்கும் தலித் மாணவியிடம் 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று நேராகக் கேட்கலாமா கூடாதா என்று யாரும் பேசவில்லை. கூடாது என்பது எங்கள் பதில். எந்த மாணவரையும் தன் சாதிக்கோ மதத்துக்கோ பிரதிநிதியாக நிறுத்தக் கூடாது. பக்கங்களை ஆசிரியரே ஒதுக்குவதில் உள்ள நன்மையும் இதுதான்: யார் எதைப் பேசினாலும் அது அவருடைய வீட்டின் குரலாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. அதற்கும் எல்லை உண்டு. தன் மானத்துக்கு எதிரான வாதத்தை ஒரு பிள்ளை பேச வேண்டிய நிலை வருமானால் அந்தக் கேள்வியையே எடுக்கக் கூடாது.

ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லலாமா? ஹெஸ்ஸும் மெக்கவாயும் இதற்கு ஒரே விதி போடவில்லை, வகுப்பைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்கிறார்கள். சட்டம் அவர்கள் நாட்டிலும் ஆசிரியருக்குத் துணை நிற்பதில்லை. இராக் போருக்கு முன்பு, 2003இல், இண்டியானாவில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை, சமாதானத்துக்காக ஹாரன் அடியுங்கள் என்ற பதாகையைப் பார்த்துத் தான் ஹாரன் அடித்ததாக, மாணவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வகுப்பறைப் பேச்சு நிர்வாகத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்று 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் அரசு ஊழியர் நடத்தை விதிகளை நினைத்து அஞ்சும் ஆசிரியர்களுக்கு எங்கள் யோசனை எளியது: கட்சியின் பெயரோ தலைவரின் பெயரோ கேள்வியில் இடம்பெறக் கூடாது, சட்டமும் கொள்கையும் மட்டும் இடம்பெறட்டும். பிள்ளைகள் விடாப்பிடியாக உங்கள் கருத்தைக் கேட்டால், இரு பக்கத்திலும் எந்தக் காரணம் உங்களை அதிகம் யோசிக்க வைத்தது என்று சொல்லலாம்.

மதிப்பெண் இல்லாத எதுவும் நம் பள்ளியில் நிலைக்காது. பள்ளியே பாடங்களுக்கு இடையே நடத்தும் வளரறி மதிப்பீட்டில் செயல்பாட்டுக்கு என்று மதிப்பெண் இருக்கிறது, இப்போது அது கடையில் வாங்கிய படத்தைச் சார்ட்டில் ஒட்டுவதற்குப் போகிறது. அதை இங்கே திருப்பலாம். எவ்வளவு நேரம் பேசினார் என்பதற்கோ எந்தப் பக்கம் நின்றார் என்பதற்கோ ஒரு மதிப்பெண்ணும் தரக் கூடாது. எதிர்த்தரப்பைச் சரியாகத் திருப்பிச் சொன்னதற்கும், கடைசியில் எழுதிய அந்த ஒரு வாக்கியத்துக்கும் தரலாம். வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளையும் இதில் மதிப்பெண் வாங்க முடியும். ஒன்பதாம் வகுப்பில் உள்ளாட்சிப் பாடம் வரும்போது இதையே கிராம சபையாக மாற்றிப் பார்க்கலாம். ஹெஸ் ஆராய்ந்த திறமையான ஆசிரியர்களில் ஊர்க்கூட்ட வடிவத்தைக் கையாண்டவர் உண்டு. விவசாயி, ஊராட்சிச் செயலர், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண் என்று ஆளுக்கொரு பாத்திரம். மக்கள்தொகை 500க்குள் என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற குறைவெண் விதியை அப்போது சொன்னால் அது மனப்பாடம் செய்யாமலே மனதில் நிற்கும்.

கல்வித் துறையிடம் நாங்கள் கேட்பது ஆண்டுக்கு மூன்று கேள்வி, வகுப்புக்கு ஆறு பாடவேளை. பி.எட். மாணவர்கள் கற்பித்தல் பயிற்சிக்குப் போகும்போது இதை ஒருமுறையாவது நடத்திக்காட்ட வேண்டும், பார்வையிடுபவர் திருப்பிச் சொல்லும் கட்டத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

தங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்கிறோம். ஆசிரியருக்குப் பெரிய சுமை அந்த இரண்டு தாள்களைத் தயாரிப்பதுதான். தங்கள் மாணவர் பக்கத்தில் மாதம் ஒருமுறை ஒரு கேள்வியையும், இரு பக்க வாதங்களையும் பக்கத்துக்கு 300 சொல்லில், ஒரே அளவு எழுத்தில், கட்சிக்காரர் படம் இல்லாமல், வெட்டியெடுத்து நகலெடுக்க வசதியாக வெளியிட முடியுமா? அந்தந்தப் பக்கத்தை உண்மையிலேயே நம்புகிறவரைக் கொண்டே அதை எழுதவையுங்கள். கீழே ஆசிரியர் குழுவின் கருத்து என்று எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
சமூக அறிவியல் ஆசிரியர்கள் சிலர்,
மதுரை.